கரைக்கும் ஒரு ஹரீம் உண்டு: சொந்த மனையில் கட்டும் உரிமையின் எல்லைகள்



மரக்காணத்திலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், அனுமந்தைச் சுங்கச்சாவடிக்கு முன்னும் பின்னும் நடப்பட்டிருக்கும் மனை விற்பனைப் பலகைகளைக் கண்டிருப்பார்கள். கடலுக்கு அருகில், உடனே வீடு கட்டலாம், பஞ்சாயத்து அப்ரூவ்டு என்றெல்லாம் அவை அழைக்கின்றன. வளைகுடாவில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு இத்தகைய மனை ஒன்றை வாங்கிப் போட்ட குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல. கட்டட அனுமதி கோரும்போதுதான் மனைப்பிரிவுக்கே ஒப்புதல் இல்லை என்றோ, இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது என்றோ தெரிய வருகிறது. அப்போது எழும் கேள்வி மதரசா வாசலுக்கும் வந்து சேர்கிறது: "ஹலாலான பணத்தில் வாங்கினேன், பட்டாவும் என் பெயரில் இருக்கிறது. என் மனையில் எவ்வளவு இடம் விட்டு எவ்வளவு உயரம் கட்டுவது என்று சொல்ல இவர்கள் யார், ஹழ்ரத்?"

கேட்பவர் பெரும்பாலும் மார்க்கம் தம் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கையோடு கேட்கிறார். தனியார் சொத்துரிமையை இஸ்லாம் காத்து நிற்பது உண்மை. ஆனால் அதே சட்டவியலில் சுவர், சாளரம், வடிகுழாய், தெரு, ஆற்றங்கரை பற்றிய அத்தியாயங்களும் உள்ளன. அவற்றை நாம் ஓதுகிறோம், தேர்வு எழுதுகிறோம், பிறகு வீடு கட்டும்போது மறந்துவிடுகிறோம். அந்த அத்தியாயங்களின் வரலாற்றையும், இன்றைய சட்டம் நம் கரைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் ஒருங்கே பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இது ஃபத்வா அன்று.

மதீனாவிலிருந்து தொடங்கலாம். தெருவின் அகலம் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தால் அதை ஏழு முழமாக வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரீ, முஸ்லிம் இருவரும் பதிவு செய்துள்ளனர். அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம் என்ற அறிவுரையும் அவர்கள் வழியாகவே வருகிறது. ஒன்று, கட்டுபவரின் உரிமையைச் சுருக்குகிறது. மற்றொன்று, சுவருக்குச் சொந்தக்காரரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் பின்வந்த சட்டம் புரியும்.

ஹிஜ்ரி 17-இல் கூஃபா நகரம் எழுந்தபோது உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நகரை அளந்தார்கள். பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என்று தபரீ தம் வரலாற்றில் எழுதுகிறார். நடுவில் பள்ளிவாசலுக்கு இடம் குறித்து, அம்பெய்பவர் ஒருவரை நிறுத்தி, அம்பு விழுந்த எல்லைகளுக்கு அப்பால்தான் குடியிருப்புகள் அமைய வேண்டும் என்றார்கள். முதலில் நாணற்குடிசைகள். தீப்பற்றி அவை எரிந்த பின் செங்கல்லால் கட்ட மக்கள் அனுமதி கோரினர். உமர் (ரலி) அனுமதித்தார்கள். ஆனால் ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் கூடாது, உயரத்தில் போட்டி போடக் கூடாது என்ற நிபந்தனைகளுடன். அனுமதி, நிபந்தனை, உயர வரம்பு ஆகிய மூன்றும் அந்த ஒரே கடிதத்தில் இருந்தன.

மாடி கட்டிச் சாளரம் வைத்த ஒருவர் மீது அண்டை வீட்டார் முறையிட்ட வழக்கில் அவர்கள் எழுதி அனுப்பிய தீர்ப்பு மாலிகி மத்ஹபின் 'முதவ்வனா'வில் வருகிறது. சாளரத்தருகே கட்டில் ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். அண்டை வீட்டினுள் அவர் பார்வை விழுந்தால் சாளரத்தைத் தடுத்துவிடுங்கள், விழாவிட்டால் விட்டுவிடுங்கள். இதைவிட எளிய அளவுகோல் எந்த நகரமைப்பு விதியிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

விலக்கு பற்றிய மிக அழகான நிகழ்வும் அதே காலத்தது. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரை வடிகுழாய் உமர் (ரலி) அவர்கள் நடந்துவரும் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஜுமுஆவுக்கு உடுத்திவந்த ஆடையில் அதன் நீர் சொட்டியதும் அதைப் பிடுங்கி எறிய ஆணையிட்டார்கள். பொது வழியில் நீட்டிக்கொண்டிருப்பதை அகற்ற ஆட்சியாளருக்கு அதிகாரம் உண்டு. யார் வீடு என்ற பார்வை அதில் இல்லை. பின்னர் அப்பாஸ் (ரலி) வந்து, அதை அந்த இடத்தில் வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என்று கூறினார்கள். அதைக் கேட்ட கலீஃபா, தம் முதுகில் ஏறி நின்று குழாயை முன்பிருந்த இடத்திலேயே பொருத்தும்படி அவர்களை வற்புறுத்தினார்கள். முஸ்னது அஹ்மதில் வரும் இந்த அறிவிப்பின் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். எனினும் சட்ட நூல்கள் இதை எடுத்தாண்டே வந்துள்ளன. பொது விதி இருந்தது. அது உறவினருக்கும் பொருந்தியது. விலக்குக்குக் காரணம் கேட்கப்பட்டது, சொல்லப்பட்டது, ஏற்கப்பட்டது. இந்த வரிசையைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பல நூற்றாண்டுகள் கடந்து சென்னையில் இது மீண்டும் தேவைப்படும்.

ஆட்சியாளரின் கைக்கும் எல்லை இருந்தது. மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க அதே அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டபோது அவர்கள் மறுத்தார்கள். வழக்கு உபை பின் கஅப் (ரலி) அவர்களிடம் போனது. வீட்டுக்காரரின் இசைவின்றி எடுக்க முடியாது என்றே தீர்ப்பு வந்தது. உரிமை நிலைநாட்டப்பட்ட பிறகு அப்பாஸ் (ரலி) தாமாகவே அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

நம் கடற்கரை ஷாஃபிஈ மத்ஹபின் கரை. எனவே இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்ன சொல்கிறது என்பது நமக்கு நேரடியாகவே பொருந்தும். சமாதான உடன்படிக்கை பற்றிய அத்தியாயத்தில் பொதுத் தெருவின் சட்டம் வருகிறது. இருபுறமும் திறந்த தெருவில் நடப்போருக்கு இடையூறு தரும் எதையும் செய்யக் கூடாது. மாடத்தை வெளியே நீட்டுவதாயின், அதன் கீழ் ஒருவர் நிமிர்ந்து நடந்து செல்லும் உயரம் வேண்டும். குதிரை வீரர்களும் வணிகக் கூட்டங்களும் செல்லும் தெருவாயின், பல்லக்குச் சுமந்த ஒட்டகம் அதன் மேற்கூரைக் கட்டைகளோடு தட்டாமல் போகும் உயரம் வேண்டும். இந்த இடத்தை ஓதும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஒட்டகத்துக்குப் பதிலாகத் தீயணைப்பு வண்டியை வைத்துப் பாருங்கள் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். முட்டுச்சந்து என்றால் சட்டம் வேறு. அங்கே வாசல் வைத்திருப்போர் அனைவருக்கும் அது கூட்டுச் சொத்து. அவர்கள் இசைவின்றி நீட்டவே முடியாது.

சொந்த மனைக்குள் வந்தால் ஷாஃபிஈ மத்ஹப் தாராளமானது. ஒவ்வொருவரும் தம் சொத்தில் வழக்கத்துக்கு ஏற்பச் செயல்படலாம். வழக்கத்தை மீறிப் பிறர் சொத்தைச் சேதப்படுத்தினால் பொறுப்பேற்க வேண்டும். சுவர்களை உறுதியாக அமைத்தால், குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள வீட்டைக் குளியல் விடுதியாகவோ பட்டறையாகவோ மாற்றவும் வலுவான கருத்துப்படி இடமுண்டு. மாலிகி அறிஞர்கள் இதில் கடுமையானவர்கள். 14-ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கொத்தனார். காஜிக்காகக் கட்டடத் தகராறுகளை நேரில் பார்த்துச் சொன்னவர். தம் அனுபவத்தைத் திரட்டிக் கட்டடச் சட்டத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். புகை, நாற்றம், அதிர்வு, பார்வை ஒவ்வொன்றும் அண்டை வீட்டாருக்கு எவ்வளவு தீங்கு என்று அவர் அளக்கிறார். 1869-க்கும் 1876-க்கும் இடையே உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டமும், பெண்கள் புழங்கும் பகுதி தெரியும்படி சாளரம் வைப்பதைப் பெருந்தீங்காகக் கருதி, அதை மறைக்கச் சொல்கிறது. பிறருக்குத் தீங்கிழைப்பதும் தீங்குக்கு எதிர்த்தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழியிலிருந்தே இவையனைத்தும் கிளைக்கின்றன.

உப்பளக் கரைக்காரர்களாகிய நமக்கென்றே அமைந்ததுபோல் ஓர் இடமும் ஃபிக்ஹில் இருக்கிறது. யமன் நாட்டு அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து மஃரிபிலுள்ள உப்பு நிலத்தைக் கேட்டார்கள். வழங்கப்பட்டது. அவர் திரும்பிச் சென்றதும் அவையில் இருந்த ஒருவர், வற்றாத நீரூற்றைப் போன்ற ஒன்றையல்லவா கொடுத்துவிட்டீர்கள் என்று எடுத்துச் சொல்ல, நபி (ஸல்) அவர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது இருக்கிறது. மெனக்கெடாமல் எல்லாரும் அள்ளிக்கொள்ளக்கூடிய உப்பு பொதுச் சொத்து; அதை ஒருவருக்கு எழுதிக் கொடுக்க ஆட்சியாளருக்கும் உரிமையில்லை என்று சட்டம் வகுத்தனர். ஆயினும் கடற்கரையில் பாத்தி வெட்டி, நீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்தால்தான் உப்பு விளையும் என்ற நிலமாயின், உழைப்பால் அதை உடைமையாக்கலாம் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் பிரித்துக் காட்டினர். மரக்காணத்து அளத்தொழிலாளி மிதித்துச் சமன்செய்யும் பாத்தி இரண்டாம் வகை. ஒரே கரையில் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலங்களுக்கு வெவ்வேறு சட்டம் இருக்க முடியும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தார்கள்.

அதைவிட முக்கியமானது 'ஹரீம்' என்னும் கருத்து. ஊருக்கு, கிணற்றுக்கு, ஆற்றுக்கு என ஒவ்வொன்றுக்கும் அதைச் சுற்றி, அதன் பயன்பாட்டுக்குத் தேவையான ஓர் எல்லை உண்டு. ஊர் கூடும் திடல், குதிரை ஓட்டும் இடம், ஒட்டகம் படுக்கும் இடம், குப்பை கொட்டும் இடம் எல்லாம் ஊரின் ஹரீம் என்று 'மின்ஹாஜ்' பட்டியலிடுகிறது. அதை யாரும் பண்படுத்திச் சொந்தமாக்க முடியாது. கெய்ரோவில் நைல் நதிக்கரையில் செல்வர்கள் மாளிகைகளை நீட்டிக் கட்டத் தொடங்கியபோது இந்தக் கருத்து கூர்மையடைந்தது. நாம் 'ஜலாலைன்' தஃப்சீர் வழியாக அறிந்த இமாம் ஸுயூதீ (ரஹ்) அவர்கள், நதிக்கரையில் கட்டடங்களை நீட்டுவதைத் தடுக்கத் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார்கள். அவர்களுக்குப் பின் வந்த இப்னு ஹஜர் ஹைதமீ, ரம்லீ (ரஹ்) ஆகியோர், ஆற்றின் ஹரீமில் கட்டுவது தடை, கட்டப்பட்டது இடிக்கப்பட வேண்டும், பள்ளிவாசலாக இருந்தாலும் சரி என்று எழுதினர். இவ்வளவு எழுதியும் மக்கள் விலகவில்லை என்று சலித்தும் கொண்டனர். ஹிஜ்ரி 10-ஆம் நூற்றாண்டின் சலிப்பு அது. இன்று எழுதியது என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

இனி நவீன சட்டத்துக்கு வருவோம். நியூயார்க்கில் 1915-இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் அக்கம்பக்கத் தெருக்களை நிழலில் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே அந்நகரம் உயரத்துக்கும் பயன்பாட்டுக்கும் மண்டலம் பிரித்துச் சட்டம் செய்தது. அங்கிருந்து பரவிய முறையில், விதியால் ஒரு மனைக்கு மட்டும் தனிப்பட்ட இடர் நேர்ந்தால் விலக்குக் கேட்க ஒரு வாரியம் உண்டு. மனையின் வடிவமோ மேடுபள்ளமோ காரணமாக இருக்க வேண்டும். உரிமையாளர் தாமே வருவித்துக்கொண்ட இடர் பொதுவாகச் செல்லாது. நம் நாட்டில் பம்பாய் 1915-இலும் சென்னை மாகாணம் 1920-இலும் நகரமைப்புச் சட்டம் இயற்றின. இன்று தமிழ்நாட்டில் நடப்பிலுள்ளது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ்தான் மனைப்பிரிவு ஒப்புதல், நில உபயோக மாற்றம், திட்ட அனுமதி எல்லாம். கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி, உயரம், தளப்பரப்புக் குறியீடு ஆகியவை 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ளன.

அந்த 1971 சட்டத்தின் 113-ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கொண்டு சென்னையில் பல அடுக்குமாடிகளுக்கு விலக்களித்த 62 அரசாணைகள் நீதிமன்றத்துக்குப் போயின. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது: அதிகாரம் செல்லும், ஆனால் காரணம் காட்டாமல், மக்களின் காற்று, வெளிச்சம், பாதுகாப்பை எண்ணிப் பாராமல் வழங்கிய அந்த 62 ஆணைகளும் செல்லாது. வடிகுழாயைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் உமர் (ரலி) அவர்கள் கேட்டறிந்த காரணம் இந்த ஆணைகளில் இல்லாமல் போயிற்று.

இதற்கிடையில் 1998-இல் 113-ஏ என்ற பிரிவு நுழைந்தது. 1999 பிப்ரவரி 28-க்குள் கட்டியிருந்தால் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். ஒரு முறை மட்டும் என்று சொல்லித்தான் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் கடைசித் தேதி மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது; சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் அந்த நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. மனைப்பிரிவுகளிலும் இதே கதைதான். ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டவை கட்டணத்தின் பேரில் ஏற்கப்பட்டன. நீர்நிலைகள், வாய்க்கால்கள் மட்டும் அதிலிருந்து விலக்கிவைக்கப்பட்டன. ஏமாற்றப்பட்டு மனை வாங்கிய எளியவருக்கு இது பெரிய நிம்மதி என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் ஃபிக்ஹ் படித்த கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. கட்டணம் கருவூலத்துக்குப் போகிறது. காற்றை இழந்த அண்டை வீட்டாருக்கு எதுவும் போவதில்லை. தீங்கை இன்னொரு தீங்கால் நீக்க முடியாது என்பது சட்ட விதி. தீங்கைத் தேதியால் நீக்குவது பற்றி நம் இமாம்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

கடற்கரைக்கு வருவோம். 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையை ஆக்கிரமிப்பின்றி வைத்திருக்கக் கேட்டார். 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. அனுமந்தை போன்ற நகராகாத கரைகளுக்கு அது வகுத்தது இது: உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரை, மீனவக் குப்பங்கள் போன்ற வழிவழி வந்த உரிமைகளுக்கு உட்பட்டு வீடு கட்டலாம். 9 மீட்டர் உயரத்துக்கும் இரண்டு தளங்களுக்கும் மேற்படக் கூடாது. எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனையில் 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

மூன்றே ஆண்டுகளில் விலக்கு வந்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த 200 மீட்டருக்குள்ளும் தான் விரும்பிய இடத்தில் கட்டுமானத்தை அனுமதிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. எந்த அடிப்படையில் என்று சொல்லவில்லை. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வரையறையற்ற அதிகாரம் தன்னிச்சையானது என்றது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் தானே வந்து எல்லையைக் காட்டியது. மரக்காணம் கரையின் குப்பங்களும் அந்தக் காலையை மறக்கவில்லை. அடுத்த மார்ச்சில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் வீடிழந்தோருக்கு ஒரு தேர்வை முன்வைத்தது. அப்பால் கட்டித்தரும் இலவச வீட்டை ஏற்றால் பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வர மறுத்தால் அங்கேயே தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசின் உதவி இல்லை. மீனவர் பலர் தயங்கினர். படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திராத மீனவர் தொழில் செய்ய முடியாது. தாம் விட்டுப்போகும் மணலில் நாளை விடுதி எழும் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சத்தை ஆதாரமற்றது என்று சொல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒருமுறை பார்த்த எவருக்கும் மனம் வராது.

2011 ஜனவரி அறிவிக்கை இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதியது. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்கள் 100 முதல் 200 மீட்டருக்குள்ளும் வீடு கட்ட வழி திறந்தது. 1991 விதிப்படி ஏற்கத்தக்கதாயிருந்தும் முறையான அனுமதி பெறாத அவர்களின் பழைய வீடுகளை வரன்முறைப்படுத்தவும் இடம் தந்தது. நான் படித்த நவீன விலக்குகளில் ஃபிக்ஹின் தர்க்கத்துக்கு மிக அருகில் நிற்பது இதுதான்: வாழ்வாதாரம் என்ற காரணம் இருக்கிறது, அது தீர்ந்தால் விலக்கும் தீரும். 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை எல்லையைத் தளர்த்தியது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைகளில் தடைப்பகுதி 50 மீட்டராகக் குறைந்தது. மற்ற ஊர்ப்புறக் கரைகளில் 200 மீட்டர் அப்படியே நீடிக்கிறது. மாநிலத்தின் கடலோர மேலாண்மை வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெறும்வரை பழைய விதியே செல்லும். ஆகவே, இப்போதெல்லாம் 50 மீட்டர்தான் பாய் என்று தரகர் சொன்னால், எந்த வரைபடம், எந்தத் தேதி என்று கேளுங்கள்.

கேட்காதவர்களின் கதை கேரளத்தின் மரடில் முடிந்தது. எர்ணாகுளத்துக்கு அருகே உப்பங்கழியோரம் எழுந்த அடுக்குமாடிகளுக்கு 2006-இல் அன்றைய ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்தது. கடலோர மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டடம் உயர்ந்தது, வீடுகள் விற்றன, குடும்பங்கள் குடியேறின. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் நான்கு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடிழந்தோருக்கு இடைக்கால இழப்பீடாக ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் கூறியிருந்தது. ஓய்வூதியத்தைக் கொட்டி வாங்கியவர்களும் வளைகுடாவில் உழைத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்கள் கையில் ஊராட்சி முத்திரையிட்ட அனுமதி இருந்தது.

நம் கரையில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடலுக்கு எதிரே இல்லாவிட்டால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று பலர் எண்ணுகிறார்கள். ஓதநீர் ஏறியிறங்கும் கழி, முகத்துவாரம், கால்வாய் ஓரங்களுக்கும் அது பொருந்தும். 2011 விதியில் 100 மீட்டர் அல்லது அந்நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 2019 விதியில் 100 என்பது 50 ஆயிற்று. உவர்ப்பு எதுவரை ஏறுகிறது என்று கோடையில் அளந்தே இந்த எல்லை குறிக்கப்படுகிறது. ஆந்திரக் கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. மேற்கே கழுவேலி ஏரி இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்கிறது. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. சாலைக்கு மேற்கே இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு மனை கவலையற்றதாகிவிடாது.

சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர் வரை கட்டுவதாயின், மாநில ஆணையத்தின் பரிந்துரையின்றி உள்ளூர் அதிகாரமே அனுமதி தர 2019 அறிவிக்கை வழிசெய்துள்ளது. ஆனால் கடலோர விதிக்குப் பொருந்துகிறதா என்று அந்த அதிகாரம் பார்த்தாக வேண்டும். வீட்டு மனையில் தொழுகைக்கூடம் அமைக்க விரும்பும் ஜமாஅத்தாருக்கும் ஒரு செய்தி. கட்டட விதிகளின்படி பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு முன் ஒப்புதல் வேண்டும். குடியிருப்பு என்று வரைபடம் கொடுத்துவிட்டுப் பின்னர் மிஹ்ராப் எழுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அநியாயமாக எடுத்த ஒரு சாண் நிலத்துக்காக ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை மிம்பரில் நின்று ஓதும் நாம், வரைபடத்தில் பொய் எழுதிப் பள்ளி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக, குப்பத்து வீடுகளை விலைபேசுவோருக்கு. மேலே சொன்ன 2011 விதிப்படி வரன்முறைப்படுத்தப்படும் மீனவர் வீட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பாரம்பரியக் கடலோரச் சமூகத்தைச் சேராதவருக்கு விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ கூடாது. விற்பவருக்கு அந்நிபந்தனை தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் கடனுக்காக விற்க முன்வரலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டின் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆணை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கொடுத்து, அது உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதைக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள்.